கரும்புக்குக் கடன், சோளத்துக்கு உபதேசம்

"சிறுதானியம் சாப்பிடுங்க, சுகர் ஓடியே போயிடும்" என்று இன்னும் ஒருத்தர் எனக்கு வாட்ஸப்பில் ஃபார்வர்ட் அனுப்பினால், அவர் நம்பரை பிளாக் செய்துவிடுவதாக இருக்கிறேன். சொந்த மச்சினனாக இருந்தாலும் சரி. (மாப்ளே, படிக்கிறியா?)

2023-ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. சபை அறிவித்தது. இந்தியா முன்மொழிந்து வாங்கிய ஆண்டு அது. அன்றைக்கு ஆரம்பித்த அடைமழை இன்னும் விடவில்லை. அபார்ட்மெண்ட் பொங்கல் விழாவில் வரகுப் பொங்கல் போட்டி. ஹிஞ்சவடி ஆபீஸ் கேண்டீனில் வாரம் ஒருநாள் கம்பு தோசை. ஒரு விழா மேடையில் பேச்சாளர், நம் பாட்டிகள் எல்லாம் கேழ்வரகு தின்று நூறு வயசு வாழ்ந்ததாகச் சொல்ல, பலத்த கைதட்டல். என் பாட்டியும் கம்பங்கூழ் குடித்து வளர்ந்தவள்தான். ஐம்பத்தெட்டு வயசில் போய்ச் சேர்ந்தாள். இதைச் சொல்ல என்னை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை :-)

எனக்குச் சிறுதானியத்தோடு சண்டை கிடையாது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டு ஆள் நான். சோளச்சோறும் கம்பஞ்சோறும் தெரியாமல் வளரவில்லை. என் சண்டை இந்த உபதேசத்தோடு. சாப்பாட்டில் உள்ள கோளாறு மொத்தத்தையும் கொண்டுவந்து நம்ம வீட்டு அடுப்படியில் இறக்கிவிட்டு, "நீ மாறு, நாடு மாறும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போகிறார்களே, அவர்களோடு. நான் காமர்ஸ் படித்தவன், டாக்டர் இல்லை, விவசாயியும் இல்லை. புனேயில் பேங்க் உத்தியோகம். அதில் சில வருஷம் பயிர்க்கடன் மேசையில் உட்கார்ந்தவன். தட்டில் என்ன விழப்போகிறது என்பது எந்த இடத்தில் முடிவாகிறது என்று அந்த மேசையிலிருந்து பார்த்தால் நன்றாகவே தெரியும். அது அடுப்படி இல்லை.

ஹிஞ்சவடி, கராடி பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் பலருக்குப் புனே என்றால் மும்பை எக்ஸ்பிரஸ்வே, லோனாவலா, மழைக்காலப் பச்சை மலை. ஒருநாள் எதிர்த்திசையில், சோலாப்பூர் ரோட்டில் போய்ப் பாருங்கள். தௌண்ட், இந்தாபூர் பக்கம் போகப் போக மண் கறுத்துக்கொண்டே போகும். அப்படியே நம்ம ஊர்க் கரிசல். வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் செருப்பைப் பிடித்து இழுக்கும். இந்த மண்ணுக்கு ஒரு குணம், குடித்த தண்ணீரைச் சீக்கிரம் விடாது. செப்டம்பர், அக்டோபரில் சோளத்தை விதைத்துவிட்டால், உள்ளே இருக்கும் ஈரத்தை உறிஞ்சியே வளர்ந்து பிப்ரவரி, மார்ச்சில் கதிர் அறுப்புக்கு வந்துவிடும். (மக்காச்சோளம் இல்லை, நம்ம வெள்ளைச் சோளம். இங்கே ஜ்வாரி.) மால்தாண்டி என்று ஒரு ரகம், சோலாப்பூர் மாவட்டத்து மோஹோல் ஆராய்ச்சி நிலையத்தில் 1930களில் தேர்ந்தெடுத்தது. இன்றைக்கும் பாக்ரி தட்டுகிற பெண்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்டு வாங்குகிறார்கள். மங்கள்வேடா ஜ்வாரிக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது.

இவ்வளவு இருந்தும், 1960களின் தொடக்கத்தில் நாடு முழுக்கச் சுமார் 180 லட்சம் ஹெக்டேரில் விளைந்த சோளம் இப்போது சுமார் 40 லட்சம் ஹெக்டேரில் நிற்கிறது. கேட்டால் "மக்களோட ருசி மாறிடுச்சு" என்பார்கள். மாறியது நிஜம்தான். ஆனால் ருசி தானாக மாறுகிற சமாச்சாரம் இல்லை. எது மலிவாக, நிச்சயமாக, தெருக்கோடிக் கடையில் கிடைக்கிறதோ அதற்கு நாக்கு பழகும். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அரிசி கிலோ 3 ரூபாய், கோதுமை 2 ரூபாய், சிறுதானியம் 1 ரூபாய் என்று எழுதியிருந்தது. 2023 ஜனவரியிலிருந்து அதுவும் இலவசம். அரிசியும் கோதுமையும் கடைக்கு வந்தன. அந்த 1 ரூபாய்ச் சிறுதானியம் பெரும்பாலான மாநிலங்களில் காகிதத்திலேயே நின்றுவிட்டது. நம்ம ஊர்க்கதை என்ன வேறேயா? 2008-ல் அரிசி கிலோ ஒரு ரூபாய், 2011-லிருந்து 20 கிலோ இலவசம். அரிசி கொடுத்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். பசியை விரட்டிய திட்டத்தை, வயிறு நிறைந்த பின்னால் ஏ.சி. அறையில் உட்கார்ந்து குறை சொல்கிற புத்தி எனக்கு இல்லை. ஆனால் கம்பு ஏன் காணாமல் போனது என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு மருமகளைக் கைகாட்டாதீர்கள் என்கிறேன்.

சரி, இப்போது கரும்பு.

மகாராஷ்டிரத்தில் சுமார் 200 சர்க்கரை ஆலை ஓடுகிறது. ஆரம்பித்தவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. பிரவராநகரில் விட்டல்ராவ் விகே பாட்டீலும், புனே கோகலே இன்ஸ்டிட்யூட்டின் பொருளாதார நிபுணர் தனஞ்ஜயராவ் காட்கிலும் சேர்ந்து, கடனில் மூழ்கிக் கிடந்த சிறு விவசாயிகளைக் கூட்டி ஒரு கூட்டுறவு ஆலையைக் கட்டினார்கள். 1950-51-ல் அரைவை ஆரம்பித்தது. வட்டிக்காரனிடமிருந்து விவசாயியை மீட்ட காரியம் அது. சின்னப் பேச்சு இல்லை. பின்னால் அது ஊருக்கு ஒரு ஆலை, ஆலைக்கு ஒரு தலைவர், தலைவருக்கு ஒரு சட்டமன்றத் தொகுதி என்று வளர்ந்ததை இந்த மாநிலத்துக்காரர்களே நன்றாகச் சொல்வார்கள்.

என் மேசைக்கு வாருங்கள். ஒரே நாள் காலையில் இரண்டு பேர் வருகிறார்கள். பெயர் வேண்டாம். இரண்டு பேருக்கும் ஆளுக்கு இரண்டரை ஏக்கர், அடுத்தடுத்த ஊர்.

முதல் ஆள் கையில் ஆலையில் கரும்பு பதிவு செய்த சீட்டு. அவருக்கு நான் கடன் கொடுத்தால், கரும்பு வெட்டிப் போனதும் ஆலையே பில்லில் என் பணத்தைப் பிடித்து பேங்குக்கு அனுப்பிவிடும். இதற்கு டை-அப் என்று பெயர். அவர் கரும்புக்கு மத்திய அரசு விலை நிர்ணயித்திருக்கிறது, 2025-26 பருவத்துக்கு டன்னுக்கு 3,550 ரூபாய். 1966-ல் போட்ட கரும்புக் கட்டுப்பாட்டு உத்தரவுப்படி 14 நாளில் பணம் தரவேண்டும், தாமதித்தால் 15 சதவீத வட்டி. ஆலைகள் இழுத்தடிப்பது உண்டு. ஆனால் இழுத்தடித்தால் போய் நிற்க ஒரு வாசல் இருக்கிறது. நம்ம சிவாஜிநகரில் சாகர் சங்குல் என்று ஒரு கட்டடம், சர்க்கரை ஆணையர் அலுவலகம். ஆலையின் சர்க்கரை மூட்டையை ஜப்தி செய்து விவசாயிக்குப் பணம் கொடு என்று அங்கிருந்து உத்தரவு போகும், போயிருக்கிறது. சர்க்கரை அதிகமாகிவிட்டால் என்ன செய்வது? எத்தனால் ஆக்கிப் பெட்ரோலில் கலக்கலாம். 2025-ல் 20 சதவீதக் கலப்பு வரை வந்தாகிவிட்டது.

இரண்டாவது ஆள் சோளமும் துவரையும் போடுகிறவர். வயசானவர். பதிவுச் சீட்டு இல்லை, ஆலை இல்லை, ஆணையரும் இல்லை. சோளத்துக்கும் அரசு ஆதார விலை அறிவித்திருக்கிறது. 2025-26-க்கு மால்தாண்டி குவிண்டால் 3,749 ரூபாய். அறிவித்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த விலைக்கு வாங்க அவர் ஊரில் தராசு போடுவார்களா, எப்போது போடுவார்கள் என்பது அந்தந்த வருஷத்து அதிர்ஷ்டம். சில மாவட்டங்களில் சில வருஷம் கொள்முதல் நடக்கும், சில மாதம் ரேஷனில்கூட ஜ்வாரி வரும், அப்புறம் போய்விடும். எட்டுப் பத்து மூட்டையை வைத்துக்கொண்டு அவர் எத்தனை நாள் காத்திருப்பார்? மண்டிக்காரர் சொன்ன விலைக்குத் தள்ளிவிட்டு வருவார்.

"காகா, நீங்களும் ஊஸ் போட்டா என்ன?" என்று பக்கத்து மேசை கிளார்க் விளையாட்டாகக் கேட்டான்.

"தண்ணி நீ தர்றியா?" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "சாஹேப், பையன் போர் போடணும்கிறான். ஊஸ் போட்டாத்தான் கல்யாணத்துக்குக் கடன் கிடைக்குமாம். நெசமா?"

நெசம்தான். அதைத்தான் இங்கே விளக்கவேண்டும். பயிர்க்கடனுக்கு வட்டி எல்லாப் பயிருக்கும் ஒன்றுதான். 3 லட்சம் வரை 7 சதவீதம், ஒழுங்காகக் கட்டினால் 4 சதவீதம். 2025 ஜனவரியிலிருந்து 2 லட்சம் வரை அடமானமும் வேண்டாம். அதனால் பாரபட்சம் இல்லை என்று மேலோட்டமாகத் தோன்றும். ஆனால் எவ்வளவு கொடுக்கலாம் என்பதை ஸ்கேல் ஆஃப் ஃபைனான்ஸ் என்ற ஒரு அட்டவணை தீர்மானிக்கிறது. மாவட்டத்துக்கு மாவட்டம் ஒரு கமிட்டி கூடி, இந்தப் பயிருக்கு ஹெக்டேருக்கு இவ்வளவு செலவு என்று எழுதும். செலவு அதிகம் பிடிக்கிற பயிருக்குத் தொகை அதிகம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆகவே கரும்புக்குச் சோளத்தைப் போலப் பல மடங்கு. அதோடு முடியவில்லை. கிசான் கிரெடிட் கார்டில் இந்தப் பயிர்த்தொகைக்கு மேலே வீட்டுச் செலவுக்கும் அறுவடைக்குப் பின் வரும் செலவுக்கும் 10 சதவீதம், பண்ணைப் பராமரிப்புக்கு 20 சதவீதம் என்று சேர்ப்போம். எதன்மேல் 10 சதவீதம்? அந்தப் பயிர்த்தொகைமேல். ஆக, சோளம் போடுகிறவனுக்கு வீட்டுச் செலவும் குறைவு, அவன் பெண்டாட்டிக்கு உடம்புக்கு வந்தால் ஆஸ்பத்திரிச் செலவும் குறைவு என்று நாங்கள் எழுதி வைத்திருக்கிறோம்.

கொடுத்த பணம் திரும்பி வருமா என்று பார்ப்பது எந்த பேங்க் அதிகாரிக்கும் வேலை. கரும்புக்கு ஆலை ஜவாப். சோளத்துக்கு மண்ணும் மாரியாத்தாளும் ஜவாப். எந்த ஃபைல் சீக்கிரம் நகரும் என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

"விவசாயிக்குப் பேராசை, அதான் கரும்பு போடறான்" என்று நம் சொசைட்டி வாக்கிங் கோஷ்டியில் ஒரு பெரியவர் சொன்னார். ஃபிக்ஸட் டெபாசிட்டில் கால் சதவீதம் கூடக் கிடைக்கிறதென்று மூன்று பேங்க் ஏறி இறங்குகிறவர் அவர். விலை உத்தரவாதம், வாங்க ஆள் உத்தரவாதம், கடன் உத்தரவாதம். மூன்றும் ஒரே பயிருக்குக் கொடுத்துவிட்டு, அதைப் போட்டவனைப் பேராசைக்காரன் என்றால் எப்படி சார்?

ஏக்கருக்கு எவ்வளவு வரும் என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். நான் வேறு மாதிரி ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். லட்சம் லிட்டர் தண்ணீருக்கு எவ்வளவு?

கரும்புக்கு அதன் ஆயுளில் 1,500 முதல் 2,500 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும், சோளத்துக்கு 450 முதல் 650 என்று உலக உணவு விவசாய நிறுவனத்தின் கையேடு சொல்கிறது. கரும்புக்கு 2,000 என்றும் சோளத்துக்கு 500 என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கரில் கரும்பு குடிப்பது சுமார் 81 லட்சம் லிட்டர், சோளம் 20 லட்சம். ஏக்கருக்கு 35 டன் கரும்பு என்றால் 1,24,250 ரூபாய். சோளம் ஓரளவு நன்றாக வந்து 8 குவிண்டால், ஆதார விலை கிடைத்தால் சுமார் 30,000 ரூபாய். ஏக்கர்க் கணக்கில் கரும்பு நாலு மடங்கு, கிட்டவே வரமுடியாது. இப்போது தண்ணீரால் வகுத்துப் பாருங்கள். கரும்பு லட்சம் லிட்டருக்கு சுமார் 1,530 ரூபாய். சோளம் 1,500. கரும்புப் பில்லில் வெட்டுக்கூலி, வண்டிச்சத்தத்தை ஆலை கழித்துக்கொண்டுதான் தரும். சோளத்திலோ தட்டை மிச்சம், இங்கே கட்பா என்பார்கள், பால்மாட்டுக்காரர்கள் காசு கொடுத்து வாங்கிப் போவார்கள். கரும்பு நிலத்தை வருஷம் முழுக்கப் பிடித்துக்கொள்ளும், சோளம் நாலு மாசத்தில் இறங்கிவிடும். இன்னொன்று, சோலாப்பூர்ப் பக்கம் வருஷ மழையே ஐந்நூற்றுச் சொச்சம் மில்லிமீட்டர்தான். சோளத்துக்கு வானம் கொடுப்பதே கிட்டத்தட்டப் போதும். கரும்புக்கு மிச்சத்தை உஜனி அணையோ போரோ கொடுத்தாகவேண்டும்.

விளைச்சலை நான் குத்துமதிப்பாகத்தான் எடுத்திருக்கிறேன், உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். ஆனால் அந்தத் தண்ணீருக்கு விவசாயி கொடுக்கும் காசு சொற்பம் என்பதால்தான் இந்தக் கணக்கு எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் ஏறுவதில்லை. மத்திய அரசின் விவசாயச் செலவு, விலை ஆணையமே தன் கரும்பு அறிக்கையில் ஒருமுறை சொல்லியிருக்கிறது, மகாராஷ்டிரத்தில் 4 சதவீதத்துக்கும் குறைவான சாகுபடி நிலத்தில் இருக்கும் கரும்பு ஏறக்குறைய 70 சதவீதப் பாசன நீரைக் குடிக்கிறது என்று. 2016 ஏப்ரலில் லாத்தூருக்கு மிரஜிலிருந்து ரயிலில் குடிதண்ணீர் போனது ஞாபகம் இருக்கும். முதல் ரயிலில் 5 லட்சம் லிட்டர். அதே மராட்வாடாவில் கரும்பும் நின்றது, ஆலையும் நின்றது. என் கணக்குப்படி அந்த ஒரு ரயில் தண்ணீர், ஒரு ஏக்கர் கரும்புக்கு ஒரு மாசத்துக்குக்கூடக் காணாது.

2017-ல் கரும்புக்குச் சொட்டுநீர் கட்டாயம் என்று மாநில அமைச்சரவை முடிவெடுத்தது. முடிவு நல்ல முடிவு. வாய்க்கால் தண்ணீர் நிறைந்து நிற்கும் கரும்பு வயலைப் பார்க்க இன்றைக்கும் இந்தாபூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும்.

வெட்டுகிறவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் நாமும் பிழைக்க ஊர்விட்டு வந்தவர்கள். தீபாவளி வாக்கில் பீட் மாவட்டத்திலிருந்து குடும்பம் குடும்பமாக டிராக்டரில் ஏறி வந்து, ஆலைப் பக்கம் கூடாரம் போட்டு, ஏப்ரல் வரைக்கும் கரும்பு வெட்டுகிறார்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சேர்ந்து ஒரு அரிவாள், அதுதான் கணக்கு. ஒருநாள் வராவிட்டால் முன்பணத்தில் பிடித்தம். பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்கள் கர்ப்பப்பையை எடுத்துக்கொள்வதாகச் செய்தி வந்து, 2019-ல் மாநில அரசு ஒரு குழு போட்டது. 82,000-த்துச் சொச்சம் பெண்களைக் கேட்டதில் 13,000 பேருக்கு மேல் எடுத்திருந்தார்கள். நாம் காபியில் போட்டுக் கலக்கும் சாமான் இது. ஆரோக்கிய உணவுப் பேச்சில் இந்தப் பெண்களின் ஆரோக்கியம் எங்கே வருகிறது?

இனி நம்ம சுகருக்கு வருவோம், ஃபார்வர்ட்காரர்கள் காத்திருப்பார்கள். சென்னை மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் ஐ.சி.எம்.ஆரும் நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023-ல் வந்தது. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் சர்க்கரை நோயாளிகள் என்றது. அதே ஆய்வுக் குழு 2025-ல் நம் சாப்பாட்டைப் பற்றி எழுதியதைத்தான் எல்லோரும் படிக்கவேண்டும். நாம் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து, அதிலும் பெரும்பாலும் வெள்ளை அரிசி, அரைத்த கோதுமை, சர்க்கரை. அரிசியை எடுத்துவிட்டு அதே அளவு கோதுமை மாவோ சிறுதானிய மாவோ போட்டால் ஆபத்து குறைவதாக அவர்கள் காணவில்லை. மாவுச்சத்தைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பால், முட்டை மாதிரிப் புரதம் வந்தால்தான் குறைகிறது. நாலு இட்லிக்குப் பதில் நாலு கம்பு இட்லி தின்று "ஹெல்தி" என்று போட்டோ போடுகிறவர்கள் கவனிக்கவும்.

அப்படியானால் சோளம் எதற்கு என்று கேட்பீர்கள். மருந்தாக விற்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். சோளம் போடுகிற நிலத்தில்தான் துவரை வரும், அடுத்த வருஷம் கொண்டைக்கடலை வரும், ஓரத்தில் குசும்பா எண்ணெய் வித்து வரும். கரும்பு போட்ட நிலத்தில் பன்னிரண்டு மாசம், பதினெட்டு மாசம் கரும்புதான். அப்புறம் கட்டைக்கரும்பு. புரதம் வேண்டுமென்று டாக்டர் சொல்கிறார், 2024-25-ல் 70 லட்சம் டன்னுக்கு மேல் பருப்பை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்தோம், துவரை விளைகிற கரிசலுக்குத் தண்ணீர் கொண்டுவந்து நிறுத்திக் கரும்பு நடக் கடன் கொடுத்தோம். எதை யாரிடம் போய்ச் சொல்வது...

மார்க்கெட் பார்த்துக்கொள்ளும், நகரத்துக்காரன் கேட்க ஆரம்பித்தால் விவசாயி தானாகப் போடுவான் என்று ஒரு கட்சி உண்டு. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். சூப்பர் மார்க்கெட்டில் சோள மாவு அழகான பாக்கெட்டில் கிலோ நூறு ரூபாய்க்கு மேல் நிற்கிறது. மண்டியில் விற்றவனுக்கு அதில் எவ்வளவு போயிருக்கும்? டிசம்பர், ஜனவரியில் புனேக்கு வெளியே ஹுர்டா பார்ட்டி என்று நடக்கும், போயிருப்பீர்கள். பால் பிடித்த பச்சைக் கதிரை நெருப்பில் வாட்டி உதிர்த்து, சட்னிப்பொடியோடு தின்பது. அமிர்தம்தான், சந்தேகமில்லை. தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து, மாட்டுவண்டி சவாரி, செல்ஃபி. சோளம் இப்போது நகரத்துக்காரனுக்குப் பிக்னிக். அதனால் சோளக்காடு ஒரு ஏக்கர்கூடப் பெருகுவதில்லை.

இன்னொரு விஷயம், பெண்கள் சார்பில். பாக்ரி தட்டுவது கைவித்தை. அடுப்பு முன்னால் நின்று ஒவ்வொன்றாகத் தட்டவேண்டும், மாவு பழசானால் விரிந்து போகும், ஆறினால் விறைத்துப் போகும். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் "பாரம்பரியத்துக்குத் திரும்புவோம்" என்றால் யார் திரும்பவேண்டும்? மேடையில் பேசுகிறவர் வீட்டில் எத்தனை நாள் களி கிண்டினார் என்று கேட்க ஆசை.

சரி, என்னதான் செய்யணும் என்கிறாய்? செய்து காட்டியிருக்கிறார்களே. ஒடிசாவில் 2017-ல் ஒரு சிறுதானியத் திட்டம் ஆரம்பித்தார்கள். கோராபுட் பக்கத்து மலை விவசாயிகளிடம் ஆதார விலைக்கு ராகியைத் தராசு போட்டு வாங்கினார்கள். வாங்கியதை ரேஷனில் கொடுத்தார்கள், அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு ராகி லட்டாகக் கொடுத்தார்கள். கர்நாடகத்தில் தெற்கே ராகியும் வடக்கே ஜோளமும் ரேஷன் கடைக்கு வந்தன. நம்ம தமிழ்நாட்டில் 2023-ல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்தார்கள். சின்ன அளவுதான், ஆனால் சரியான முனையில் பிடித்தது அது. வாங்குகிறவர் நிச்சயம் என்றால் விதைக்கிறவன் விதைப்பான்.

உணவு மானியத்துக்கு மத்திய அரசு வருஷத்துக்குச் சுமார் 2 லட்சம் கோடி செலவழிக்கிறது. புதுப் பணம் கேட்கவில்லை. அதிலேயே சோலாப்பூர், அகில்யாநகர், புனே கிழக்குத் தாலுகாக்களில் ஒவ்வொரு மார்ச்சிலும் தவறாமல் தராசு வைத்து ஜ்வாரியும் துவரையும் வாங்கட்டும். இங்கேயே ரேஷனில் போடட்டும். பள்ளிக்கூடச் சாப்பாட்டில் போடட்டும். தராசுச் சீட்டு கையில் இருந்தால், ஆலைச் சீட்டுக்குச் செய்கிற அதே டை-அப்பை என் மேசையில் நான் அன்றைக்கே செய்வேன். அதற்கு எனக்கு ஒரு சுற்றறிக்கை போதும். மாவட்டக் கமிட்டி ஸ்கேல் போடும்போது, செலவு எவ்வளவு என்று கேட்பதோடு தண்ணீர் எவ்வளவு என்றும் ஒரு கலம் சேர்க்கட்டும். வீட்டுச் செலவுக்கான அந்த 10 சதவீதத்தைப் பயிரிலிருந்து கழற்றிக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வைக்கட்டும். கரும்பை ஒழி என்று நான் சொல்லவில்லை. கொல்ஹாப்பூரில் மழை இருக்கிறது, ஆறு இருக்கிறது, போடட்டும். சோலாப்பூரில் போடுவதற்கு நான் கடன் கொடுக்கிறேனே, அதைத்தான் கேட்கிறேன்.

அந்த சோளக்காரப் பெரியவருக்கு அவர் அட்டவணைப்படி என்ன வருமோ அதைக் கொடுத்தோம். பையன் போர் போட்டுவிட்டான் என்று அப்புறம் கேள்விப்பட்டேன். எத்தனை அடி என்று கேட்கவில்லை.

பி.கு.: போன வாரம் இரண்டு பேர் புனேயில் நல்ல சோள மாவு எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தார்கள். பாக்கெட் வாங்காதீர்கள். மார்க்கெட் யார்டிலோ உங்கள் தெரு தானியக் கடையிலோ மால்தாண்டி என்று கேட்டு, முத்து முத்தாக வெளுப்பாக இருப்பதைத் தானியமாகவே வாங்குங்கள். ராஸ்தா பேட்டானாலும் கட்கியானாலும் தெருவுக்கு ஒரு கிர்ணி இருக்கும், நம்ம மாவு மில்தான். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து வாங்குங்கள். கோதுமை அரைத்த கையோடு போடவேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். மாவைக் கொதிக்கிற வெந்நீரில் பிசையவேண்டும். தட்ட வராவிட்டால் பரவாயில்லை, நம்ம ஊர் மாதிரி வெங்காயம், கறிவேப்பிலை போட்டு அடையாக ஊற்றிக்கொள்ளலாம். கூடவே பருப்பு, அளவாக.